வயல் மனையானால் வடிகாலில் எவ்வளவு தண்ணீர் கூடும்? ஒரு எளிய கணக்கு

டெல்டாவில் வெள்ளம் என்றாலே எல்லோர் பேச்சும் மேட்டூரைப் பற்றித்தான். காவிரியில் வரும் பெருவெள்ளத்தைக் கொள்ளிடத்தில் தள்ளிவிடலாம். ஊருக்குள் கொட்டும் ஐப்பசி மழையோ வடிகால் வழியாகத்தான் போயாக வேண்டும். எனவே உங்கள் ஊர் வடிகால் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: அந்த வடிகாலுக்குத் தண்ணீர் எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று எல்லை வரையுங்கள். தட்டையான டெல்டாவில் சாலையும் வாய்க்கால் கரையும்தான் எல்லை. மழையின்போது ஒவ்வொரு மதகிலும் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்தால் போதும்.

படி 2: கூகுள் எர்த்தில் பழைய படத்தையும் புதிய படத்தையும் திறந்து, வயலையும் மனையையும் தனித்தனியாக அளவெடுங்கள். மொத்தம் 36 ஹெக்டேர் (ஏறத்தாழ 89 ஏக்கர்), அதில் 12 ஹெக்டேர் மனையாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

படி 3: பெய்யும் மழையில் எத்தனை பங்கு ஓடிவரும் என்பதே கெழு. வயலுக்கு 0.2, வீடும் சிமெண்ட் சாலையும் வந்த மனைக்கு 0.6 என்று கொள்வோம். வயலுக்கு ஏன் இவ்வளவு குறைவு? வரப்பு 15 செ.மீ. உயரம், உள்ளே 5 செ.மீ. தண்ணீர் நின்றால், இன்னும் 10 செ.மீ. மழையை அது பிடித்துவைக்கும். மனை போடுகிறவர்கள் முதலில் அழிப்பது அந்த வரப்பைத்தான்.

படி 4: கெழு × மழை வேகம் (மணிக்கு மி.மீ.) × பரப்பு (ஹெக்டேர்) ÷ 360 = உச்ச ஓட்டம், வினாடிக்குக் கன மீட்டரில். மணிக்கு 50 மி.மீ. மழையில் முன்பு 0.2 × 50 × 36 ÷ 360 = 1. இப்போது சராசரிக் கெழு (24 × 0.2 + 12 × 0.6) ÷ 36 = 0.33, விடை 1.67.

படி 5: பலரும் விட்டுவிடும் இடம் இது. சிமெண்ட் தரையில் தண்ணீர் சீக்கிரம் வந்து சேர்வதால், குறைந்த நேரத்தில் பெய்யும் கடும் மழையைக் கணக்கில் எடுக்க வேண்டும். 50க்குப் பதில் 60 போடுங்கள்: 2 கன மீட்டர், அதாவது சுமார் 70 கன அடி. மூன்றில் ஒரு பங்கு நிலம்தான் மாறியது, உச்சம் இரட்டிப்பாகிவிட்டது.

தொடர்மழையில் வரப்பு தளும்பிவிட்டால் வயலின் கெழுவும் ஏறி, வித்தியாசம் சுருங்கும். சிறு பரப்புக்கே பொருந்தும் இந்தக் கணக்கை வெண்ணாறு போன்ற பெரிய ஆற்றுக்குப் போடாதீர்கள்.

கடைசியாக அந்த வடிகாலை அளந்து பாருங்கள். 2 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம், வினாடிக்கு அரை மீட்டர் வேகம் என்றால் வினாடிக்கு 1 கன மீட்டர்தான் போகும். வெங்காயத்தாமரை மண்டியிருந்தால் அதுவும் போகாது.