பிக்அப்பின் பின்பக்கம் தூக்கிப் போடுகிறதா? ஷாக் அப்சார்பரைக் கழற்றும் முன்

பின்பக்கம் தூக்கித் தூக்கிப் போடுகிறது என்றதும் பெரும்பாலோர் செய்யும் முதல் காரியம், புதிய ஷாக் அப்சார்பர் வாங்குவது. பல வண்டிகளில் குறை உண்மையிலேயே அதில்தான் இருப்பதால் இந்தப் பழக்கம் ஒழிவதாகத் தெரியவில்லை. மற்ற வண்டிகளில் காசு போகும், துள்ளல் போகாது.

வண்டி காலியாக இருக்கும்போது மட்டும் துள்ளுகிறதா என்று முதலில் பாருங்கள். பின்பக்க லீஃப் ஸ்பிரிங், அதாவது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள், முழுச் சுமையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. சுமை இல்லாதபோது அது விறைப்பாகத்தான் நிற்கும். மேடு பள்ளத்தில் பின்பக்கம் கொஞ்சம் குதிப்பதைக் குறை என்று சொல்ல முடியாது. அதற்கு மேலும் குதித்தால் டயர் காற்றைப் பாருங்கள். சுமைக்காக ஏற்றிய காற்றை அப்படியே விட்டுவிட்டுக் காலி வண்டியை ஓட்டுவது மிகப் பரவலான தவறு. டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்துக் காற்றடிப்பது அதைவிட மோசம். அது அந்த டயர் தாங்கும் உச்ச அழுத்தம். உங்கள் வண்டிக்கு உரிய அளவு ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டிய தாளிலோ கையேட்டிலோ இருக்கும்.

அடுத்த தவறு, எல்லாத் துள்ளலையும் ஒன்றாக நினைப்பது. பள்ளத்தைத் தாண்டிய பிறகும் வண்டி மெதுவாக இரண்டு மூன்று முறை மேலும் கீழும் அசைந்தால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகிக்கலாம். வண்டியின் உடல் இப்படி ஆடுவது நொடிக்கு ஏறக்குறைய ஒன்று முதல் இரண்டு முறை. ஆக்சிலும் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் அச்சு) சக்கரங்களும் தனியாகத் துடிப்பது வேறு. அது நொடிக்குப் பத்து முதல் பதினைந்து முறை. இப்போது ஒரு கணக்கு. 75 செ.மீ. விட்டமுள்ள டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.36 மீட்டர். மணிக்கு 85 கி.மீ. வேகத்தில் அது நொடிக்குப் பத்து முறை சுழலும். டயர் சரியான வட்டமாக இல்லாமல் எங்காவது புடைத்திருந்தால், சுற்றுக்கு ஓர் அடி வீதம் ஆக்சிலின் இயல்பான துடிப்போடு சேர்ந்துகொள்ளும். ஆகவே சீரான சாலையில், குறிப்பிட்ட ஒரு வேகத்தில் மட்டும் வரும் துள்ளலுக்கு டயரையும் ரிம்மையும்தான் முதலில் பார்க்க வேண்டும். பின் டயர்களை முன்னுக்கு மாற்றிப் போட்டு ஓட்டினால், அதிர்வும் கூடவே முன்னுக்கு வருகிறதா என்பது தெரிந்துவிடும். ஒரே அளவு இடைவெளியில் இணைப்புகள் உள்ள கான்கிரீட் சாலையில் மட்டும் துள்ளி, தார்ச் சாலைக்கு வந்ததும் அடங்கிவிட்டால் காரணம் சாலைதான், வண்டியில் குறை தேட வேண்டாம்.

பம்பரைக் கையால் அழுத்திப் பார்க்கும் சோதனையை நான் பிக்அப்பின் பின்பக்கத்துக்கு நம்புவதில்லை. அத்தனை விறைப்பான ஸ்பிரிங்கை ஒருவரின் எடை அதிகம் அசைக்காது. பட்டைகளுக்கு இடையிலான உராய்வே அந்தச் சிறு அசைவை அடக்கிவிடும். செத்துப்போன ஷாக் அப்சார்பரும் நன்றாக இருப்பதாகத் தோன்றும். எண்ணெய்க் கசிவை வைத்தும் அவசரப்பட்டு முடிவு செய்யக்கூடாது. தண்டுக்கருகே லேசான ஈரப்படலம் இயல்பு, ஒழுகுவது குறை. கசிவே இல்லாமல் உள்ளே வால்வு தேய்ந்தோ வாயு வெளியேறியோ செயலிழந்தவையும் உண்டு.

இதைவிட நல்ல சோதனை வெப்பம். ஷாக் அப்சார்பர் அசைவை வெப்பமாக மாற்றுவதால், கரடுமுரடான சாலையில் கால்மணி நேரம் ஓட்டிய பிறகு அதன் உடல் சூடாக இருக்க வேண்டும். வண்டியை நிறுத்தியதும் இரண்டையும் எச்சரிக்கையாகத் தொட்டுப் பாருங்கள். ஒன்று சூடாகவும் மற்றொன்று குளிர்ந்தும் இருந்தால், குளிர்ந்தது வேலை செய்யவில்லை. புகைக்குழாய் ஒரு பக்கத்தை ஒட்டிப் போகும் வண்டிகளில் அந்தச் சூட்டை இதில் சேர்த்துவிடக்கூடாது. மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள்.

நின்ற இடத்திலிருந்து வேகமாகக் கிளப்பும்போது மட்டும் பின்சக்கரம் தடதடவென்று குதித்தால் கதை வேறு. ஆக்சிலின் முறுக்கத்தால் லீஃப் ஸ்பிரிங் எஸ் எழுத்துப்போல் வளைந்து, டயரின் பிடி விட்டதும் நிமிர்கிறது. தளர்ந்த யு போல்ட் (ஸ்பிரிங்கை ஆக்சிலோடு பிணைப்பது), முறிந்த பட்டை, தேய்ந்த புஷ் (ஸ்பிரிங் முனைகளில் உள்ள ரப்பர் உறை) ஆகியவை இதை மோசமாக்கும். முறிவு பெரும்பாலும் பட்டைகளை நடுவில் கோக்கும் சென்டர் போல்ட் அருகிலோ அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்புக்கு அடியிலோ ஒளிந்திருப்பதால், துடைத்து விளக்கடித்துத்தான் தேட வேண்டும். சமதரையில் நிறுத்தி, இரு பக்கமும் சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்புவரை அளந்து பாருங்கள். வித்தியாசம் கணிசமாக இருந்தால் தாழ்ந்த பக்கத்து ஸ்பிரிங்கில் தேடலைத் தொடங்கலாம். ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சட்டகத்தோடு இணைக்கும் அசையும் துண்டான ஷாக்கிள் துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்று பார்க்கவும் மறக்க வேண்டாம். அது நகராவிட்டால் ஸ்பிரிங் நீள இடமில்லாமல் ஒவ்வொரு மேடும் நேராகச் சட்டகத்தில் இடிக்கும்.

கூடுதல் பட்டை சேர்த்தால் துள்ளல் அடங்கும் என்பது பிடிவாதமான ஒரு நம்பிக்கை. ஸ்பிரிங் விறைக்க விறைக்க அதை அடக்க ஷாக் அப்சார்பருக்கும் அதிக வலு வேண்டும். பழைய ஷாக் அப்சார்பரோடு பட்டையை மட்டும் கூட்டினால் காலி வண்டி முன்பைவிட அதிகமாகக் குதிக்கும். சுமையில் பின்பக்கம் தாழ்வதற்கு அது மருந்தாகலாம், துள்ளலுக்கு அல்ல.

வேலையை முடிக்கும்போதும் ஒரு தவறு நேர்கிறது. ஆக்சில் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையில் ரப்பர் புஷ் போல்ட்டுகளை முழுதாக இறுக்கினால், வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே கடைசி இறுக்கம். கழற்றிய யு போல்ட்டுகளை மறுபடி பயன்படுத்தாமல் புதியவை போட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் இறுக்கிப் பாருங்கள். ஷாக் அப்சார்பர் கெட்டு நெடுநாள் ஓடிய வண்டியில் டயர் குழி குழியாகத் தேய்ந்திருக்கும். அந்த டயர் புதிய பாகங்களுக்குப் பிறகும் அதிரும். அதை வைத்துக்கொண்டு புதிய ஷாக் அப்சார்பரைக் குறை சொல்ல வேண்டாம்.