ஸ்டார் டிரெக் தொடரின் தீவிர ரசிகராவது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் கொண்ட ஒரு தொலைக்காட்சித் தொடரை எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று கேட்டு, சென்ற மழைக்காலத்தில் கூடலூரிலிருந்து என் சித்தி மகள் தொலைபேசியில் அழைத்தாள். அன்று நான் சொன்ன பதில் அரைகுறையாகவே இருந்தது. அந்தக் குறை மனத்தை உறுத்திக்கொண்டே இருந்ததால், அவளுக்கும் அவளைப் போலப் புதிதாகத் தொடங்க விரும்பும் மற்றவர்களுக்கும் பயன்படும்படி, நான் கடந்து வந்த வழியைப் படிப்படியாக இங்கே எழுதுகிறேன்.

தொடரைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். ஜீன் ராடன்பெரி உருவாக்கிய ஸ்டார் டிரெக், 1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கி, மூன்று சீசன்களில் 79 அத்தியாயங்களோடு 1969-இல் நின்றுபோனது. 1973-இல் சித்திரத் தொடராகவும், 1979-இல் திரைப்படமாகவும் மீண்டும் வந்தது. 1987-இல் புதிய கேப்டன், புதிய குழுவினரோடு 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடங்கியது. அதன் பிறகு வந்த கிளைத் தொடர்கள் பல. எல்லாவற்றுக்கும் பொதுவான கதைக்களம் ஒன்றுதான்: சில நூற்றாண்டுகள் கழித்து, தமக்குள் போரிடுவதை விட்டுவிட்ட மனிதர்கள் விண்கலங்களில் ஏறி, தெரியாத உலகங்களைத் தெரிந்துகொள்ளப் புறப்படுகிறார்கள்.

முதல் படி: முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்காதீர்கள்

கதைக்குள் நிகழும் காலவரிசைப்படிதான் பார்க்க வேண்டும் என்று நீண்ட பட்டியல் தருபவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பட்டியலை நம்பினால், 2001-இல் வெளியான 'எண்டர்பிரைஸ்' தொடரைத்தான் முதலில் பார்க்க நேரும். அதுவோ, பழைய தொடர்களை அறிந்தவர்களுக்காக எழுதப்பட்டது. அதில் வரும் ஒவ்வொரு குறிப்பும் உங்களுக்கு அந்நியமாக இருக்கும். வெளியான வரிசையில் பார்ப்பது நேர்மையான வழிதான் என்றாலும், 1966-இன் அரங்க அமைப்புகளுக்கும் மெதுவான காட்சிகளுக்கும் கண் பழகுவதற்குள் பலர் விலகிவிடுகிறார்கள்.

நான் பரிந்துரைப்பது ஒரே ஒரு அத்தியாயம். பழைய தொடரில் 1967 மார்ச்சில் ஒளிபரப்பான 'தி டெவில் இன் தி டார்க்' என்பதை முதலில் பாருங்கள். காரணத்தைச் சொல்வதற்காக அதன் முடிச்சை இங்கே அவிழ்க்க வேண்டியிருக்கிறது. முன்கூட்டியே அறிய விரும்பாதவர்கள் அடுத்த இரண்டு பத்திகளைத் தாண்டிச் செல்லலாம்.

வேற்றுக்கோள் ஒன்றின் சுரங்கத்தில் தொழிலாளர்களை ஏதோ ஓர் உயிர் கொன்றுகொண்டே இருக்கிறது. பாறையை உருக்கித் துளைத்துச் செல்லும் அந்த உயிரை அழிக்கத்தான் கேப்டன் கிர்க்கும் ஸ்பாக்கும் வரவழைக்கப்படுகிறார்கள். சுரங்கமெங்கும் சிதறிக் கிடக்கும் உருண்டைக் கற்களைப் பயனற்றவை என்று தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் உடைத்துப் போட்டிருக்கிறார்கள். அவை கற்கள் அல்ல, முட்டைகள் என்பதும், கொலைகாரப் பேய் என்று கருதப்பட்டது தன் குஞ்சுகளைக் காக்கும் தாய் என்பதும் இறுதியில்தான் தெரியவருகிறது.

இதை நான் இரண்டாம் முறை பார்த்தபோது, குன்னூரில் தேயிலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்த என் அத்தை அருகில் இருந்தார். ஆங்கிலம் அறியாத அவருக்கு நான் இடையிடையே தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். கதை பாதிகூட முடியவில்லை, அந்த உயிர் ஓரிடத்தில் ஒதுங்கி நின்றதைப் பார்த்த உடனே, "இது கன்னு போட்ட காட்டுமாடு மாதிரியில்ல நிக்குது, தம்பி. பக்கத்துல எங்கயோ குட்டி இருக்கு பாரு" என்றார். விண்கலத்தின் அறிவியல் அதிகாரி ஸ்பாக் கண்டுபிடிப்பதற்கு முன்பே என் அத்தை கண்டுபிடித்துவிட்டார். தேயிலைச் செடிகளுக்கு நடுவே கன்றோடு நிற்கும் காட்டுமாட்டைக் கண்டால் எத்தனை அடி விலகி நிற்க வேண்டும் என்பதும், வலசைப் பாதையில் வீடு கட்டிவிட்டு யானையைக் குற்றம் சொல்ல முடியாது என்பதும் நம் மலையில் வாழ்பவர்கள் அனுபவத்தில் அறிந்தவை. ஆகவே, இந்தத் தொடர் எழுப்பும் கேள்விகள் நமக்குப் புதியவை அல்ல. அதை முதல் நாளே உணர்ந்தவர்கள் இதைவிட்டு எளிதில் விலகமாட்டார்கள்.

இரண்டாம் படி: ஒரு குறிப்பேடு வாங்குங்கள்

நூறு பக்கக் கோடு போட்ட நோட்டு போதும். ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும், தலைப்பையும் பார்த்த தேதியையும் எழுதி, அதன் கீழ் ஒரே ஒரு கேள்வியை எழுதுங்கள்: இந்தக் கதையில் யார், எதற்காக, எந்த முடிவை எடுக்க வேண்டியிருந்தது? கதைச் சுருக்கம் வேண்டாம். அது எங்கும் கிடைக்கும். அந்த முடிவை நீங்கள் ஏற்கிறீர்களா, இல்லையா என்பதை இரண்டு வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் மற்ற எல்லாப் படிகளையும் விட இதையே அதிகம் வலியுறுத்துவேன். பார்த்த அத்தியாயங்களின் எண்ணிக்கையால் யாரும் தீவிர ரசிகராகிவிடுவதில்லை. ஆறு மாதம் கழித்தும் ஒரு கதையின் நியாயத்தை வாதிட முடிகிறதா என்பதே அளவுகோல்.

நோட்டின் கடைசிப் பக்கங்களைச் சொற்களுக்கு ஒதுக்குங்கள். ஒளியைவிட வேகமாகச் செல்வதற்காக விண்வெளியையே வளைக்கும் இயந்திரம் 'வார்ப்'. ஆளை ஓரிடத்தில் கரைத்து வேறிடத்தில் உருவாக்கும் கருவி 'டிரான்ஸ்போர்ட்டர்'. வளர்ச்சி குறைந்த உலகங்களின் இயல்பான போக்கில் தலையிடக் கூடாது என்ற விதி 'பிரைம் டைரக்டிவ்'. இந்த மூன்றும் தெரிந்தால் தொடங்கிவிடலாம். ஆங்கில உரையாடல் வேகமாகத் தோன்றினால் திரையில் ஆங்கில வசன வரிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். நான் இன்றும் அப்படித்தான் பார்க்கிறேன். எந்தச் செயலியில் எந்தத் தொடர் கிடைக்கிறது என்பது உரிமத்தைப் பொறுத்து அவ்வப்போது மாறுவதால், பணம் கட்டுவதற்கு முன் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் படி: ஒரு குழுவினரோடு ஆறு மாதம் தங்குங்கள்

இனி 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடருக்குச் செல்லலாம். அதன் முதல் இரண்டு சீசன்கள் தடுமாற்றம் மிகுந்தவை என்பதை அன்போடு ஒப்புக்கொள்கிறேன். அவற்றிலிருந்து 1989 பிப்ரவரியில் வந்த 'தி மெஷர் ஆஃப் எ மேன்' என்பதை மட்டும் தவறாமல் பாருங்கள். டேட்டா என்னும் இயந்திர மனிதன் ஓர் உயிரா, அல்லது விண்படையின் உடைமையா என்று ஒரு விசாரணை நடக்கிறது. எழுதிய மெலிண்டா ஸ்னாட்கிராஸ் வழக்கறிஞராகப் பணியாற்றியவர் என்பதால், வாதங்கள் உறுதியாக அமைந்திருக்கின்றன. செயற்கை நுண்ணறிவைப் பற்றி எல்லோரும் பேசும் இக்காலத்தில் அதைப் பார்ப்பது இன்னும் பொருத்தமானது.

பிறகு மூன்றாம், நான்காம், ஐந்தாம் சீசன்களை வரிசையாகப் பாருங்கள். சீசனுக்கு 26 வீதம் மொத்தம் 78 அத்தியாயங்கள். வாரத்துக்கு மூன்று என்று வைத்துக்கொண்டால் சரியாக 26 வாரங்களில், அதாவது அரை ஆண்டில் முடியும். இதைவிட வேகமாகப் பார்க்க வேண்டாம். இவை வாரம் ஒன்றாக ஒளிபரப்புவதற்காக எழுதப்பட்டவை. இடையில் உள்ள நாட்களில் அசைபோடுவதும் பார்ப்பதன் பகுதியே.

மூன்றாம் சீசனின் கடைசி அத்தியாயமான 'தி பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்' 1990 ஜூனில், மிக நெருக்கடியான ஒரு கணத்தில் நின்றுவிட்டது. இரண்டாம் பாகம் செப்டம்பரில்தான் வந்தது. அன்றைய பார்வையாளர்கள் ஒரு கோடைகாலம் முழுவதும் காத்திருந்தார்கள். நான் அந்த முதல் பாகத்தைப் பார்த்தது ஒரு ஜூலை மாத இரவில். அன்று அடித்த காற்றில் எங்கள் தெருமுனையில் கற்பூர மரம் ஒன்று மின்கம்பியின் மேல் விழுந்து, மூன்று நாட்கள் மின்சாரம் இல்லை. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு, இந்தத் தொடரின் கேப்டன் பிக்கார்டு எப்படி மீள்வார் என்று ஐந்து வழிகளை எழுதிப் பார்த்தேன். ஐந்தும் தவறாகப் போயின. ஆயினும், எந்தக் கதையையும் அவ்வளவு ஆழ்ந்து நான் எண்ணிப் பார்த்ததில்லை. ஆகவே, மின்சாரம் இருந்தாலும் அந்த இடத்தில் குறைந்தது ஒரு வாரம் நிறுத்துங்கள்.

அதன் முடிவுக்கு அடுத்து வரும் 'ஃபேமிலி' என்பதையும் தாண்டிவிடாதீர்கள். அதில் விண்போர் எதுவும் இல்லை. காயப்பட்ட மனத்தோடு பிக்கார்டு தன் சொந்த ஊருக்கு, அண்ணனின் திராட்சைத் தோட்டத்துக்குத் திரும்புகிறார். சண்டையில் தொடங்கிச் சேற்றில் புரண்டு அழுகிறார். வெளியூரில் பெரிய வேலையில் இருந்துவிட்டு, ஏதோ ஒன்று உடைந்துபோய்க் கேத்திக்கோ கோத்தகிரிக்கோ வந்து, தோட்டத்தில் கேரட் பிடுங்கிக்கொண்டு பேசாமல் நிற்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

நான்காம் படி: ஒரு கதையை இரண்டு முறை பாருங்கள்

ஐந்தாம் சீசனில் 'டார்மோக்' வரும்போது, அதைப் பார்த்து முடித்த மறுநாளே மீண்டும் பாருங்கள். டமேரியர்கள் என்ற இனத்தாரின் ஒவ்வொரு சொல்லையும் மொழிபெயர்ப்புக் கருவி சரியாகவே பெயர்த்துத் தருகிறது. ஆனாலும் பொருள் விளங்கவில்லை. "டார்மோக்கும் ஜலாடும், தனாக்ராவில்" என்று அவர்களின் கேப்டன் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அவர்கள் பேசுவது முழுவதும் தங்கள் பழங்கதைகளின் குறிப்புகளாலேயே ஆனது. கதை தெரியாதவருக்கு மொழியும் தெரியாது.

தமிழருக்கு இது எளிது. ஒருவரைக் கர்ணன் என்றால் கொடையும், சகுனி என்றால் சூழ்ச்சியும், கும்பகர்ணன் என்றால் உறக்கமும் வேறு விளக்கமின்றி நமக்குப் புரிகின்றன. மகாபாரதமும் இராமாயணமும் கேட்டிராத ஒருவர் நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால், அவர் பிக்கார்டின் நிலையில்தான் இருப்பார். இரண்டாம் முறை பார்க்கும்போது, முதலில் வெற்று ஒலியாக இருந்த வசனங்கள் எல்லாம் பொருளோடு காதில் விழும். ஒரே நாளில் ஒரு மொழியைக் கற்றுக்கொண்ட மகிழ்ச்சி அதில் இருக்கிறது.

ஐந்தாம் படி: முத்தோரைக்குச் செல்லுங்கள்

திரையை விட்டு வெளியே வரும் நேரம் இது. ஊட்டிக்கு அருகே முத்தோரையில், உருளைக்கிழங்கு வயல்களைக் கடந்தால், மலைச்சரிவில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி படுத்திருப்பதைக் காணலாம். வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் உருவாக்கப்பட்டு, 1970-இல் செயல்படத் தொடங்கியது. அங்குள்ள சரிவின் சாய்வு ஏறத்தாழ 11 பாகை. ஊட்டியின் அட்சரேகையும் அதுவே. ஆகையால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்து, அந்த ஓர் அச்சில் சுழன்றாலே ஒரு விண்பொருளைத் தொடர்ந்து ஒன்பதரை மணி நேரம் வரை பின்தொடர முடிகிறது. உள்ளே செல்ல விரும்புவோர் முன்கூட்டியே அனுமதி பெற்றுக்கொள்ள வேண்டும்; தொலைவில் நின்று பார்த்தாலும் பார்க்கத் தகுந்ததே.

பழைய ஸ்டார் டிரெக் நின்றுபோனதற்கு மறு ஆண்டு இங்கே இந்தக் கருவி வானைக் கேட்கத் தொடங்கியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். அங்கே நின்றுகொண்டு, தொடரில் எது அறிவியல், எது கதையின் வசதி என்று பிரித்துப் பாருங்கள். சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகில் உள்ள விண்மீனிலிருந்து ஒளி வந்து சேரவே நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்பதால், வார்ப் இல்லாமல் கதை நகராது. மெக்ஸிகோ நாட்டு இயற்பியலாளர் மிகெல் அல்குபியெர் 1994-இல் அந்தப் பெயரிலேயே ஆய்வுக்கட்டுரை எழுதி, சார்பியல் கோட்பாட்டின் சமன்பாடுகள் அத்தகைய பயணத்துக்கு இடம் தருவதைக் காட்டினார். ஆனால் அதற்கு எதிர்மறை ஆற்றல், அதாவது வெற்று வெளியில் உள்ளதைவிடவும் குறைவான ஆற்றல், தேவைப்படுகிறது. டிரான்ஸ்போர்ட்டர் பிறந்த கதை வேறு: வாரந்தோறும் விண்கலம் தரையிறங்குவதைப் படமாக்கப் பணம் போதவில்லை.

ஆறாம் படி: குறைகளைச் சொல்லப் பழகுங்கள்

நேசிப்பவருக்கே அந்த உரிமை உண்டு. கான் நூனியன் சிங் என்ற இந்தியப் பாத்திரத்தில் மெக்ஸிகோவில் பிறந்த ரிக்கார்டோ மோண்டல்பான் நடித்தார். நடிப்பு அருமை, தேர்வு சரியல்ல. 1979 திரைப்படத்தில் மும்பையில் பிறந்த பெர்சிஸ் கம்பாட்டா தலையை மழித்துக்கொண்டு நடித்தது எனக்குப் பெருமை. அவருக்குக் கிடைத்த பாத்திரம் இன்னும் நிறைவாக எழுதப்பட்டிருக்கலாம். இவற்றையும் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

ஏழாம் படி: இன்னொருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

ரசிகர்கள் இல்லையென்றால் இந்தத் தொடர் இன்று இருந்திருக்காது. இரண்டாம் சீசனோடு நிறுத்தப்படும் நிலை வந்தபோது, பீஜோ டிரிம்பிளும் அவர் கணவர் ஜானும் ஒருங்கிணைத்த கடித இயக்கத்தால் மூன்றாவது சீசன் கிடைத்தது. 1976-இல் அமெரிக்காவின் முதல் விண்வெளி ஓடத்துக்கு, தொடரில் வரும் விண்கலத்தின் பெயரான 'எண்டர்பிரைஸ்' என்று பெயர் வந்ததும் ரசிகர்களின் கடிதங்களால்தான். உங்களுக்கு அவ்வளவு பெரிய கூட்டம் தேவையில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் வர்க்கியும் தேநீருமாக உட்கார ஒருவர் போதும். ஆங்கிலம் தெரியாதவராக இருந்தால் இன்னும் நல்லது. தமிழில் எடுத்துச் சொல்லும்போதுதான் நமக்கே எது புரியவில்லை என்பது புலப்படுகிறது.

இவ்வாறு சென்றால், ஐந்தாம் சீசனின் இறுதிக்கு ஒன்று முன்பாக 'தி இன்னர் லைட்' வந்து சேரும். அதைப் பற்றி முன்கூட்டியே எதையும் படிக்காதீர்கள்; நானும் எதுவும் சொல்லப்போவதில்லை. பிக்கார்டோடு அரை ஆண்டு வாழ்ந்த பிறகு பார்க்க வேண்டியது அது. இரவு உணவை முடித்துவிட்டு, கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். முடிந்ததும் அடுத்த அத்தியாயம் தானாக ஓடத் தொடங்கும். அதை நிறுத்திவிட்டுக் குறிப்பேட்டில் தேதியை மட்டும் எழுதுங்கள். மற்றதை மறுநாள் எழுதலாம். சித்தி மகள் அங்கே வந்து சேரும் நாளில், எந்த நேரமானாலும் எனக்குத் தொலைபேசியில் அழைக்கச் சொல்லியிருக்கிறேன்.