ஆடிக்காற்றில் ஆயிரம் மீட்டர்: மேக்னம் தோட்டாக்களை எப்படி ஒப்பிடுவது

மேக்னம் தோட்டா, அதாவது வழக்கத்தைவிட அதிக மருந்து கொள்ளும் தோட்டா, என்றதும் எல்லோரும் பெட்டியில் அச்சடித்திருக்கும் குழல்வாய் வேகத்தைத்தான் (குண்டு குழலை விட்டுக் கிளம்பும் வேகம்) முதலில் பார்க்கிறார்கள். தொலைதூர இலக்குக்கு அது பாதித் தகவல். போகிற வழியில் குண்டு எவ்வளவு வேகத்தை இழக்கிறது என்பதில்தான் மீதி இருக்கிறது. ஆனி, ஆடியில் பணகுடி, ராதாபுரம் பக்கம் நின்றவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் மேலக்காற்று ஒரே சீராக அடிப்பதில்லை. நிமிடத்துக்கு நிமிடம் ஏறி இறங்கும். தூரத்தால் வரும் இறக்கத்தை ஸ்கோப்பில் திருகிச் சரிசெய்துவிடலாம், காற்றை அப்படிச் செய்ய முடியாது. ஆகவே ஒப்பீட்டைக் காற்று விலகலில் தொடங்குங்கள்.

கணக்கு எளிது. குண்டின் பாதையைக் கணக்கிடும் ஏதாவது ஒரு பாலிஸ்டிக் செயலியில் 1000 மீட்டருக்கான பறக்கும் நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்தைக் குழல்வாய் வேகத்தால் வகுத்து, வந்ததை அந்த நேரத்திலிருந்து கழியுங்கள். மிஞ்சுவது தாமதம். அதைக் குறுக்குக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் கிடைக்கும்.

.300 வின்செஸ்டர் மேக்னத்தில் 190 கிரெயின் எடையுள்ள போட்டிக் குண்டு, வினாடிக்கு 880 மீட்டர் வேகம் என்று வைப்போம். பறக்கும் நேரம் ஏறக்குறைய 1.65 வினாடி, 1000 ÷ 880 = 1.14, தாமதம் 0.51. வினாடிக்கு ஐந்து மீட்டர் காற்றில் சுமார் 2.6 மீட்டர் தள்ளிப் போகும். .338 லாபுவா மேக்னத்தில் 300 கிரெயின் குண்டு வினாடிக்கு 825 மீட்டரில்தான் கிளம்புகிறது. ஆனாலும் நேரம் 1.61, தாமதம் 0.40, விலகல் 2 மீட்டர். மெதுவாகக் கிளம்பியது முன்னதாகச் சேர்கிறது! காற்றை வினாடிக்கு ஒரு மீட்டர் தப்பாகக் கணித்தால் முதலாவதில் 51 செ.மீ. பிழை, இரண்டாவதில் 40.

செயலியில் எண் போடும்போது அதிகம் நடக்கும் தவறு, ஒரு குண்டுக்கு ஜி1 கெழுவும் இன்னொன்றுக்கு ஜி7 கெழுவும் போடுவது. கெழு என்பது குண்டு காற்றை எவ்வளவு எளிதாகக் கிழித்துப் போகிறது என்று காட்டும் எண்; ஜி1, ஜி7 அதன் இரு அளவுகோல்கள். ஒரே குண்டின் ஜி7 எண் ஜி1-இல் ஏறத்தாழ பாதிதான். நீளமான, பின்பக்கம் ஒடுங்கிய குண்டுகளுக்கு ஜி7 பொருத்தம். எதை எடுத்தாலும் இரண்டுக்கும் ஒன்றையே போடுங்கள். வெப்பநிலையை 15 டிகிரியில் விட்டுவிடாதீர்கள். பாளையங்கோட்டை வெயிலின் 38 டிகிரியில் காற்றின் அடர்த்தி சுமார் 7 சதவீதம் குறைவு, அதனால் குண்டு மேலே போய் விழும்.

1962-இல் வந்த 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னத்தைப் பலர் பழசு என்று ஒதுக்குகிறார்கள். அது சரியில்லை. 168 முதல் 180 கிரெயின் வரையிலான நீளக் குண்டு போட்டால் காற்று விலகலில் .300-இன் 190 கிரெயினுக்குச் சளைக்காது, உதையும் குறைவு. சிக்கல் பேரலின் முறுக்கில், அதாவது குண்டைச் சுழலவைக்கும் உள்வரிகளின் சுற்றில், இருக்கிறது. பழைய துப்பாக்கிகளில் 9¼ அல்லது 9½ அங்குலத்துக்கு ஒரு சுற்று. மிக நீளமான குண்டுகள் அதில் நிலைப்படாமல் ஆடும். 2022-இல் வந்த 7 பி.ஆர்.சி. தோட்டாவுக்கான பேரலில் இது 8 அங்குலம்.

.300 வின்செஸ்டருக்கு (1963) வேறு குறை. தோட்டாவின் மொத்த நீளம் 84.8 மி.மீ.க்குள் அடங்க வேண்டும். 220 கிரெயின் போன்ற நீளக் குண்டை வைத்தால் அது கேஸுக்குள் (மருந்து இருக்கும் கூடு) இறங்கி மருந்தின் இடத்தைத் தின்னும். .300 பி.ஆர்.சி. 94 மி.மீ. வரை இடம் தருகிறது. கேஸ் அடியில் உள்ள பெல்ட்டைப் பலத்துக்கான வளையம் என்று நினைப்பவர்கள் உண்டு. 1912-இன் .375 ஹாலண்ட் தோட்டாவில் தோள் (கேஸ் கழுத்தை நோக்கி ஒடுங்கும் இடம்) சரிவாக இருந்ததால், அறைக்குள் சரியான ஆழத்தில் நிற்க வைத்த ஏற்பாடு அது. தோள் செங்குத்தான புதிய தோட்டாக்களுக்குத் தேவையில்லை.

பேரல் ஆயுளையும் விலையோடு சேருங்கள். .308 வின்செஸ்டர் பேரல் 5000 சுற்று தாங்கினால், மேக்னம் பேரலில் 1500 முதல் 2000-க்குள் தொண்டைப்பகுதி (குண்டு பேரலுக்குள் முதலில் நுழையும் இடம்) அரித்துவிடும்.

போட்டி நோக்கம் என்றால் விதியை முதலில் படியுங்கள். சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப்.-இன் 300 மீட்டர் போட்டியில் குண்டின் விட்டம் 8 மி.மீ.க்கு மேல் கூடாது; .338 அங்கேயே வெளியே. உதையைத் தணிக்கும் மசில் பிரேக்கும் அனுமதியில்லை. 300 மீட்டருக்கு மேக்னமே வீண் என்பது எங்கள் கருத்து. உதை மட்டும்தான் மிஞ்சும். தோள் பயந்து விரல் இழுத்துவிட்டால் எந்தக் கணக்கும் உதவாது.

லைசென்ஸில் எழுதியிருக்கும் ரகமும் தோட்டா எண்ணிக்கையும்தான் உங்கள் வரம்பு. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பின் பொதுவாக ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிதான். இந்தக் குண்டுகள் ஐந்து கிலோமீட்டரையும் தாண்டிப் பறக்கக்கூடியவை. தேரிக்காடு, வறண்ட குளம், கல்குவாரி எதுவும் ரேஞ்ச் ஆகாது.

ரேஞ்சில் பத்துச் சுற்றின் வேகத்தை குரோனோகிராஃபில் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) அளந்துபாருங்கள். சுற்றுக்குச் சுற்று வினாடிக்கு 10 மீட்டர் வித்தியாசம் இருந்தால் 1000 மீட்டரில் மேல்கீழாகக் கால் மீட்டர் சிதறும். அப்போது தோட்டா ரகத்தை மாற்றுவதற்கு முன் அதே ரகத்தில் வேறு தயாரிப்பை முயலுங்கள். தோட்டாப் பெட்டியைக் காரிலோ வெயிலிலோ வைக்காதீர்கள். மருந்து சூடானால் அழுத்தமும் வேகமும் ஏறும். சூடேறிய பேரலின் அறைக்குள் தோட்டாவை ஏற்றிவைத்துக் காற்று அடங்கக் காத்திருந்தாலும் அதே கதைதான். போல்ட்டைத் திறந்து வைத்துக் காத்திருங்கள், சுடும் வேளையில் ஏற்றுங்கள்.