ஓடுற நாள்ல ஜெபத்தை விடாம பிடிச்சுக்கறது எப்படி

கத்தோலிக்கரான நம்மள்ல நிறைய பேர்கிட்ட விசுவாசம் தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டே தேயுது. முதல்ல காலை ஜெபம் நிக்கும், அப்புறம் ஜெபமாலை "நேரம் கிடைச்சா சொல்லலாம்"னு ஆகும், ஞாயிறு பூசை மட்டும் மிச்சம் இருக்கும், அதுக்கும் ஒரு வாரம் உடம்பு சரியில்ல, ஒரு வாரம் பயணம்னு ஏதாவது வந்துடும். யாரும் வேணும்னு செய்றதில்ல. அதனால நான் முக்கியமா சொல்ல வர்றது இதுதான்: ஜெபத்தை மூடை நம்பி விடாதீங்க, தினமும் எப்படியும் நடக்கிற ஏதாவது ஒரு வேலையோட சேர்த்துக் கட்டிடுங்க, அதுவும் உங்களோட ரொம்ப மோசமான நாள்லயும் செய்ய முடியுற அளவுக்குச் சின்னதா வச்சுக்கோங்க.

இன்னொண்ணும் முதல்லயே சொல்லிடறேன். கன்னியர் மடத்து டைம்டேபிளை வீட்டுக்குள்ள கொண்டு வர முயற்சி பண்ண வேண்டாம். ஜெனீவா ஆயரா (பிஷப்பா) இருந்த புனித பிரான்சிஸ் சலேசியார் 1609லயே இதைப் பத்தி எழுதியிருக்கார், ஒரு ஆயர் கர்த்தூசியன் துறவி மாதிரி தனிமையில இருந்தாலோ, குடும்பஸ்தர் கப்புச்சின் துறவி மாதிரி எதையும் சேர்த்து வைக்காம இருந்தாலோ, தொழிலாளி நாள் பூரா கோவில்லயே உக்கார்ந்திருந்தாலோ அந்த பக்தி ஒழுங்கில்லாத பக்தின்னு. கைக்குழந்தை வச்சிருக்கிற அம்மாவோட ஜெபமும் நைட் ஷிஃப்ட் போறவரோட ஜெபமும் ஒரே மாதிரி இருக்கணும்னு இல்ல.

காலையில இருந்து ஆரம்பிப்போம். கண்ணு முழிச்சதும் போனைத் தொடுறதுக்கு முன்னாடி, கட்டில்ல உக்கார்ந்தபடியே சிலுவை அடையாளம் போட்டு அன்றைய நாளை ஒப்புக்கொடுங்க, ஒரு நிமிஷம் கூட ஆகாது. மனப்பாடமா ஜெபம் தெரிஞ்சா அதைச் சொல்லலாம், இல்லைன்னா "இயேசுவே, இன்னைக்கு நான் செய்யப்போற வேலை, படப்போற கஷ்டம், சந்தோஷம் எல்லாத்தையும் உம்ம திரு இருதயத்துக்குத் தர்றேன்"னு நம்ம வார்த்தையிலயே சொன்னாப் போதும். இந்தப் பழக்கம் உலகம் பூரா பரவினதுக்குப் பின்னாடி ஒரு நல்ல வரலாறு இருக்கு. 1844ல பிரான்ஸ்ல வால்ஸ்ங்கிற இடத்துல இயேசு சபைங்கிற துறவற சபையோட மாணவர்கள் சிலர் எப்போ மிஷனுக்குப் போவோம், எப்போ போவோம்னு தவிச்சுக்கிட்டு இருந்தாங்க. அவங்களை வழிநடத்தின ஃபாதர் கோட்ரெலே, இப்போ உங்க மிஷன் உங்க படிப்புதான், அதையும் தினசரி வேலையையும் அப்படியே கடவுளுக்கு ஒப்புக்கொடுங்கன்னு சொன்னார். அதுலயிருந்து வளர்ந்ததுதான் ஜெப அப்போஸ்தலர் இயக்கம். நாம பாத்திரம் தேய்க்கிறதும் ஆபீஸ்ல கணக்கு பார்க்கிறதும் ஜெபமா மாறுறது அந்தக் காலை ஒப்புக்கொடுத்தல்லதான். அதனால வேற எதை விட்டாலும் இதை மட்டும் விடாதீங்க.

நடுப்பகலுக்கு மூவேளை ஜெபம் இருக்கு, வானதூதர் மரியாளுக்குச் சொன்ன செய்தியை நினைச்சுச் சொல்றது. காலை ஆறு, மதியம் பன்னிரண்டு, சாயங்காலம் ஆறுன்னு மூணு வேளை, ஒவ்வொரு வேளைக்கும் மூணு தடவை "அருள் நிறைந்த மரியே" ஜெபம், ரெண்டு நிமிஷ வேலை. மூணும் முடியலைன்னா மதியத்துக்கு மட்டும் போன்ல அலாரம் வைங்க, வைப்ரேஷன்ல இருந்தாலும் போதும், சீட்ல உக்கார்ந்தபடியே மனசுக்குள்ள சொல்லிடலாம். ஈஸ்டரை ஒட்டி வர்ற பாஸ்கா காலத்துல அதுக்குப் பதிலா விண்ணக அரசியே ஜெபம். மத்த நேரத்துல ட்ராஃபிக், லிஃப்ட், க்யூன்னு காத்திருக்கிற இடமெல்லாம் "இயேசுவே, இரக்கமாயிரும்"னு ஒரு சின்ன ஜெபத்துக்குப் போதுமான இடம்தான். பதினேழாம் நூற்றாண்டுல பாரிஸ் கார்மேல் மடத்துல பிரதர் லாரன்ஸ்னு ஒருத்தர் இருந்தார், அவர் வேலையே சமையல், அப்புறம் செருப்பு தைக்கிறது. அந்த அடுப்படி சத்தத்துக்கு நடுவுலயே கடவுள்கிட்ட பேசிக்கிட்டே இருக்கப் பழகினவர் அவர்.

இப்போ ஜெபமாலை. இதுலதான் நிறைய பேர் சோர்ந்து போறாங்க, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். அம்பத்துமூணு மணி ஜெபமாலை முழுசா முடியலைன்னா பத்து மணி மட்டும், அதாவது பத்து அருள் நிறைந்த மரியே சொல்லுங்க, ஒரே ஒரு தேவ ரகசியம் (இயேசு, மாதா வாழ்க்கையில இருந்து நினைச்சுப் பார்க்கிற ஒரு நிகழ்ச்சி), தினமும் ஒரே நேரத்துல, அது விடாம நிலைச்சதுக்கு அப்புறம் கூட்டிக்கலாம். எந்தக் கிழமைக்கு எந்த ரகசியம்னா, திங்கள், சனி மகிழ்ச்சி, செவ்வாய், வெள்ளி துக்கம், புதன், ஞாயிறு மகிமை, வியாழன் ஒளி. ஒளியின் தேவ ரகசியங்களை 2002ல திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் சேர்த்துக் கொடுத்தார், இயேசுவோட ஞானஸ்நானத்துல இருந்து நற்கருணையை ஏற்படுத்தினது வரைக்கும் அவரோட பொதுவாழ்க்கை அதுல வந்துடும். சொல்லும்போது மனசு அலையுதுன்னு கவலைப்படாதீங்க. புனித குழந்தை தெரேசாவே, தனியா ஜெபமாலை சொல்றது தனக்கு உடம்பை ஒறுக்கிற தவக்கருவி போட்டுக்கிறதை விடக் கஷ்டமா இருக்குன்னு எழுதியிருக்காங்க, 1997ல திருச்சபையின் மறைவல்லுநர்னு, அதாவது எல்லாருக்கும் போதிக்கத் தகுந்த புனிதர்னு, அறிவிக்கப்பட்டவங்க அவங்க. அலையுற மனசைக் கொண்டு வர ஒரு வழி, ஒவ்வொரு பத்து மணியையும் ஒரு ஆளுக்குன்னு வச்சுக்கறது. கெத்சமனி தோட்டத்து ரகசியம் சொல்லும்போது ஆஸ்பத்திரியில இருக்கிற சொந்தக்காரரை நினைச்சுக்கோங்க, சிலுவை சுமக்கிற ரகசியத்துல கடன்ல தவிக்கிற நண்பரை நினைச்சுக்கோங்க, அப்போ வாய் ஒரு பக்கம் மனசு ஒரு பக்கம்னு போறது தானா குறையும்.

வீட்டுல குடும்பமா சொல்றதா இருந்தா பிள்ளைங்களை அதட்டி முழங்கால் போட வைக்கிறதுல எனக்கு உடன்பாடு இல்ல. நாலு வயசுப் பிள்ளை ஜெபமாலையைக் கழுத்துல மாட்டிக்கிட்டு ஓடும், "பரலோகத்திலிருக்கிற"ன்னு ஆரம்பிச்சு பாதியில கொட்டாவி விடும், விட்டுடுங்க, அது அந்த சத்தத்தைக் கேட்டுக்கிட்டே வளரட்டும். பெரிய பிள்ளைன்னா ஒரு பத்து மணியை அதுவே முன்னாடி சொல்லட்டும், யாருக்காக வேண்டிக்கலாம்னு அதுகிட்டயே கேளுங்க. பரீட்சைக்கும் தொலைஞ்சுபோன பூனைக்கும் வேண்டிக்கச் சொல்லும், அதுவும் மன்றாட்டுதான், மனசார சேர்ந்து சொல்லுங்க.

பைபிளுக்கு, அன்றைய திருப்பலி வாசகத்தைப் பிடிச்சுக்கிறதுதான் சுலபம், எதைப் படிக்கிறதுன்னு தேட வேண்டாம். ஞாயிறு வாசகம் மூணு வருஷ சுழற்சியில வரும், ஒரு வருஷம் மத்தேயு, அடுத்து மாற்கு, அடுத்து லூக்கா, யோவான் அதிகமா பாஸ்கா காலத்துல. சனிக்கிழமை ராத்திரியே மறுநாள் நற்செய்தியை ஒரு தடவை படிச்சு அதுல ஒரு வரியை மட்டும் எடுத்து வச்சுக்கோங்க, மறுநாள் கோவில்ல அதைக் கேக்கும்போது காது தானா நிமிரும்.

ராத்திரி படுக்கும் முன்னாடி ஆத்தும சோதனை. இயேசு சபையை ஆரம்பிச்ச புனித இஞ்ஞாசியார் சொல்லிக் கொடுத்தது அஞ்சு படி: நன்றி சொல்றது, உண்மையைப் பார்க்க வெளிச்சம் கேக்கிறது, அன்னைக்கு நடந்ததை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறது, மன்னிப்புக் கேக்கிறது, நாளைக்கு என்ன மாத்தப்போறோம்னு தீர்மானிக்கிறது. அவர் நன்றியை முதல்ல வச்சிருக்கார்ங்கிறதைக் கவனிங்க, குத்தத்துல இருந்து ஆரம்பிச்சா நாம சீக்கிரம் ஓடிப்போயிடுவோம். "இன்னைக்கு நான் பாவி"ன்னு பொதுவா சொல்றதுல பிரயோஜனம் இல்ல. "மதியம் மீட்டிங்ல அவங்க பேசும்போது நான் வேணும்னே குறுக்க பேசினேன், நாளைக்குப் பார்த்ததும் ஸாரி சொல்லிடறேன்"னு குறிப்பா சொல்லுங்க, அப்போதான் மறுநாள் செய்றதுக்கு ஏதாவது இருக்கும்.

வெள்ளிக்கிழமையை மறந்துடாதீங்க. தவக்காலத்துல மட்டும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆனா திருச்சபை சட்டப்படி வருஷத்துல எல்லா வெள்ளியும் தவநாள்தான். சுத்தபோசனமோ (இறைச்சி சாப்பிடாம இருக்கிறது), உங்க நாட்டு ஆயர் பேரவை சொல்லியிருக்கிற வேற ஒறுத்தலோ, ஏதாவது ஒண்ணை அந்த நாளுக்குன்னு வச்சுக்கோங்க.

இதெல்லாம் செஞ்சும் ஒண்ணுமே உணர முடியல, காய்ஞ்சு கிடக்குன்னு தோணும், கண்டிப்பா தோணும். புனித அவிலா தெரேசா, ஜெபத்துல ஆழத்துக்குப் போனவங்க, அவங்களே ஒரு காலத்துல ஜெப நேரம் எப்போ முடியும், மணி எப்போ அடிக்கும்னு காதைத் தீட்டிக்கிட்டு இருந்ததா சொல்லியிருக்காங்க. ஆனா எழுந்து போயிடல. அதனால உணர்ச்சி வரலைங்கிறதுக்காக நிறுத்தாதீங்க. ரெண்டு நாள் விட்டுப்போச்சுன்னா அந்த ரெண்டு நாள் ஜெபத்தையும் சேர்த்து அடைக்கப் பார்க்க வேண்டாம், பாரம் ஏறி மொத்தமா நின்னுடும். அன்னைக்கு உள்ளதை மட்டும் சொல்லுங்க.

ஞாயிறு கடன் திருநாள், அதாவது பூசைக்குக் கண்டிப்பா போக வேண்டிய நாள், அதுல பேரம் பேசாதீங்க. நன்மை (நற்கருணை) வாங்க ஒரு மணி நேரம் முன்னாடியே சாப்பாட்டை நிறுத்திடணும், தண்ணியும் மருந்தும் பரவாயில்ல. வியாதி, வேலைன்னு நிஜமாவே போக முடியாதவங்க ஞான நற்கருணை ஜெபம், அதாவது இயேசுவை மனசுக்குள்ள வரச் சொல்லி வேண்டுற ஜெபம், சொல்லலாம். வியட்நாம் ஆயர் வான் துவான் பதிமூணு வருஷம் சிறையில இருந்தார், அதுல ஒன்பது வருஷம் தனிச்சிறை. வயித்துவலி மருந்துன்னு பேர் போட்டு வந்த திராட்சை ரசத்துல மூணு சொட்டு, தண்ணி ஒரு சொட்டு, உள்ளங்கையிலயே வச்சு பூசை வச்சார். அதைப் படிச்சதுக்கு அப்புறம் பக்கத்துல இருக்கிற கோவிலுக்குப் போறது எனக்குப் பெரிய வரமாத் தெரியுது.

கடைசியா பாவசங்கீர்த்தனம், ஃபாதர்கிட்ட பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்குறது. சாவான பாவம் (தெரிஞ்சே, வேணும்னே செஞ்ச பெரிய பாவம்) இருந்தா வருஷத்துக்கு ஒரு தடவையாவது செய்யணும்ங்கிறது கட்டாயம், மாசம் ஒரு தடவை போனா நல்லது. வருஷக்கணக்கா போகாதவங்களுக்குத்தான் இதுல கூச்சம் அதிகம். உள்ள போனதும் "ஃபாதர், நான் வந்து ரொம்ப வருஷமாச்சு, எப்படிச் சொல்றதுன்னு மறந்துபோச்சு, ஹெல்ப் பண்ணுங்க"ன்னு சொன்னாப் போதும், மிச்சத்தை அவர் கேட்டுக் கேட்டு நடத்திடுவார். பாவத்துக்காக வருத்தப்பட்டுச் சொல்ற மனஸ்தாப ஜெபம் மறந்திருந்தா பேப்பர்ல எழுதி எடுத்துட்டுப் போய்ப் படிக்கலாம். நீங்க சொல்றதை அவர் எந்தக் காரணத்துக்காகவும், யார்கிட்டயும் வெளியில சொல்லக் கூடாது, உயிரே போனாலும். உங்க பங்குல பாவசங்கீர்த்தன நேரம் எப்போன்னு நோட்டீஸ் போர்டுல பாருங்க, அந்த நேரம் உங்களுக்கு ஒத்துவரலைன்னா ஃபாதருக்குப் போன் பண்ணி வேற நேரம் கேளுங்க.