பழைய அறிவியல் கருவிகளின் படம் தேடுகிறீர்களா?

ஏற்காட்டில் வாழ்ந்த நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பற்றி அக்கா மகள் பள்ளிக்கு ஒரு சார்ட் செய்தாள். 1863-இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்தவர். அவர் காலத்துக் காற்றழுத்தமானியின் படம் வேண்டுமாம். ‘பழைய பாரோமீட்டர்’ என்று தேடினால் வந்ததெல்லாம் சுவரில் மாட்டும் அலங்காரச் சாமான்கள்தான்!

கருவியின் பெயரை மட்டும் போட்டால் இப்படித்தான் ஆகும். செய்தவர் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலும் முகப்பிலேயே பெயரைப் பொறித்துவிடுவார்கள், அருங்காட்சியகங்களும் பட்டியலில் அதைக் குறிப்பிடுகின்றன. ‘அனிராய்டு பாரோமீட்டர்’ (பாதரசம் இல்லாத காற்றழுத்தமானி) என்பதோடு ‘நெக்ரெட்டி அண்ட் சாம்ப்ரா’ என்ற லண்டன் கம்பெனியின் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டினோம். அப்புறம் படங்களுக்குக் குறைவில்லை.

கூகுளை விட, லண்டன் சயின்ஸ் மியூசியம், ஆக்ஸ்ஃபோர்டு அறிவியல் வரலாற்று அருங்காட்சியகம் ஆகியவற்றின் இணையப் பட்டியலில் நேரடியாகத் தேடுவது மேல். அளவு, ஆண்டு எல்லாம் படத்தோடே கிடைக்கும். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனம் 2020 முதல் லட்சக்கணக்கான படங்களை யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டிருக்கிறது. மற்ற படங்களுக்குக் கீழே உள்ள உரிமக் குறிப்பைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

சார்ட்டில் பார்த்து வரைய வேண்டுமா? போட்டோவை விடுங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத்தில் கருவி செய்தவர்களின் பழைய விலைப்பட்டியல்கள் இருக்கின்றன. அதிலுள்ள கோட்டுப் படங்களில் ஒவ்வொரு திருகும் தெளிவாகத் தெரியும். எங்கள் சார்ட்டுக்கு அதுதான் கைகொடுத்தது.