பாராசூட் செய்வது சுலபம், நேரம் எடுப்பதுதான் வம்பு

ஏழாம் வகுப்பு படிக்கும் மகளுக்குப் பள்ளியில் கொடுத்த வேலை இது: நாலு விதமாக பாராசூட் செய்து, எது மெதுவாக இறங்குகிறது என்று பார்த்து எழுத வேண்டும். அரை மணி வேலை என்று உட்கார்ந்தோம். மூன்று ஞாயிற்றுக்கிழமை போனது.

முதலில் பொருட்கள். கர்நாடகத்தில் 2016இலேயே பிளாஸ்டிக் கேரி பேக்குக்குத் தடை வந்துவிட்டதால், கடையில் மெல்லிய பை கேட்டால் முறைக்கிறார்கள். குப்பைப் பை ரோல் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இருப்பதிலேயே மெல்லியதாக. நூலுக்கு என் ஓட்டு பூ கட்டும் நூலுக்குத்தான். பெங்களூரில் எங்கள் பக்கத்து அல்சூர் மார்க்கெட்டில் பூக்காரம்மாவிடம் ஒரு கண்டு வாங்கினோம். தையல் நூல் தொட்டாலே சிக்காகும். தூண்டில் நரம்பு பக்கமே போகாதீர்கள், சுருளும் விடாது, முடிச்சும் நிற்காது. எடைக்குப் பத்து ரூபாய் நாணயம் இரண்டு. ஒன்று சுமார் 7.7 கிராம் என்பதால் தராசு தேவையில்லை. பெட்டிக்கடையில் வாங்க மறுத்த நாணயங்களுக்கு இப்படி ஒரு வேலை கிடைத்தது.

வெட்டுவது. வட்டம் வேண்டாம், எண்கோணம் போதும். 40 செ.மீ. சதுரத்தை இரண்டாக மடித்து, திரும்ப இரண்டாக மடித்து, அப்புறம் நடுமுனையிலிருந்து குறுக்காக ஒரு மடிப்பு. அந்த முனையிலிருந்து இரு ஓரத்திலும் 20 செ.மீ. அளந்து, நேர்கோட்டில் வெட்டுங்கள். பிரித்தால் எட்டு மூலை, மூலைக்கு ஒரு நூல், ஒவ்வொன்றும் 45 செ.மீ. மூலையில் செல்லோ டேப் ஒட்டிவிட்டு, அதன் மேல் துளை போட்டால் கிழியாது.

எட்டு நூலையும் ஒவ்வொன்றாக நாணயப் பொட்டலத்தில் கட்டினோம். ஒன்று அரை செ.மீ. கூட, ஒன்று குறைய. பாராசூட் சாய்ந்துகொண்டு எதிர்வீட்டு ஜன்னலைப் பார்த்துப் போனது. பாராசூட்டின் நடுவைப் பிடித்துத் தொங்கவிட்டு, எட்டு நூலையும் சேர்த்து ஒரே இழுப்பாக இழுத்து, எல்லாம் விறைப்பாக இருக்கும்போது மொத்தமாக ஒரே முடிச்சு போட வேண்டும்.

இனிதான் எங்களைக் கவிழ்த்த இடம். முதல் ஞாயிறு, நாற்காலி மேல் ஏறி இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து விட்டோம். மகள் ஸ்டாப்வாட்ச் அழுத்தினாள். 0.9, 1.2, 1.0, 1.1. அதே பாராசூட்டுக்குத்தான் இத்தனை எண்! பெரியது, சின்னது, ஓட்டை போட்டது எல்லாமே இதற்குள்தான் வந்தன. விரல் அழுத்தும் தாமதமே 0.2 வினாடி வரை போகும்; மொத்தமே ஒரு வினாடி விழும் பொருளில் அது எவ்வளவு பெரிய பிழை! போதாததற்கு, பாராசூட் விரிவதற்கே பாதி உயரம் செலவாகிவிடுகிறது. அதாவது நாங்கள் அளந்தது பாராசூட்டையே அல்ல.

எங்கள் அபார்ட்மெண்ட்டின் நடுவில் திறந்த முற்றம் உண்டு, நாலு பக்கமும் வராண்டா. மாடியில் காற்று, முற்றத்தில் இல்லை. மூன்றாம் மாடிக் கைப்பிடியிலிருந்து ஒரு கயிறு தொங்கவிட்டு, மீட்டருக்கு ஒரு சிவப்பு ரிப்பன் கட்டினோம். முதல் இரண்டு மீட்டரைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது விரிந்து வேகம் நிலைக்கு வரும் தூரம். அதற்கடுத்த ஆறு மீட்டரை மட்டும் அளக்க வேண்டும். கயிற்றுக்குப் பக்கத்திலேயே விடுங்கள், ஆனால் சிக்காத தூரத்தில். எதிர் வராண்டாவில் போனை அசையாமல் வைத்து வீடியோ. கணினியில் விஎல்சி பிளேயரில் ஆங்கில 'இ' விசையை அழுத்தினால் படம் ஒவ்வொரு பிரேமாக நகரும். அந்த ஆறு மீட்டரின் மேல் ரிப்பனுக்கும் கீழ் ரிப்பனுக்கும் இடையே எத்தனை பிரேம் என்று எண்ணி 30ஆல் வகுத்தால் வினாடி; சாதாரண வீடியோவில் வினாடிக்கு 30 பிரேம்.

விடும்போது நடு உச்சியை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, சும்மா விரலைத் திறந்தால் போதும். எறியக்கூடாது. எட்டி விடும் வேலை பெரியவர்களுடையது. கீழே யாரும் நிற்கக்கூடாது. வாட்ச்மேன் வந்து "ஏனு சார் இது?" என்றார். கன்னடத்தில் 'என்ன இது' என்று கேட்டவருக்கு, 'ஏன்' என்று காதில் விழுந்த என் மகள் காரணத்தை விளக்க ஆரம்பித்து, அவர் டீ ஆறிப்போனது.

ஒவ்வொன்றையும் ஐந்து முறை விட்டோம். 40 செ.மீ. அகலத்துக்குச் சராசரி 3.1 வினாடி, 20 செ.மீ.க்கு 1.6. அகலம் பாதியானால் பரப்பு கால்வாசி, வேகம் இரட்டிப்பு. இரண்டு நாணயத்தை நாலாக்கியபோது நேரம் பாதியாகும் என்று மகள் பந்தயம் கட்டித் தோற்றாள். 2.3தான் வந்தது. வேகம் எடையின் வர்க்கமூலத்தோடுதான் ஏறும்.

நடுவில் 4 செ.மீ. ஓட்டை போட்டதுதான் எனக்குப் பிடித்த சோதனை. ஓட்டை இல்லாதது கோயில் மணி நாக்கு போல ஆடிக்கொண்டே வந்தது. அடியில் அடைபட்ட காற்று ஒரு முறை இந்த ஓரம், மறுமுறை அந்த ஓரம் என்று வழிந்து வெளியேறுகிறது. 1797இல் பாரிசில் பலூனிலிருந்து குதித்த கார்னெரின் என்பவரும் இப்படித்தான் பயங்கரமாக ஆடிக்கொண்டே இறங்கினார், அவருடையதிலும் ஓட்டை இல்லை. ஓட்டைக்குப் போன பரப்பு நூற்றில் ஒரு பங்குதான், நேரம் ஏறக்குறைய மாறவில்லை, ஆட்டம் அடங்கிவிட்டது.

பின்சேர்க்கை: இதைப் படித்துச் செய்து பார்த்த ஒருவர், 3 வினாடிக்குப் பதில் 24 வினாடி வருகிறது என்றார். ஸ்லோ மோஷனில் எடுத்திருக்கிறார், அதில் வினாடிக்கு எட்டு மடங்கு பிரேம். சாதாரண வீடியோ போதும்.

இன்னொன்று: சென்னையில் என் தம்பி மகன் அதே அளவில் செய்தான், அவனுடையது கொஞ்சம் மெதுவாக இறங்கியது. ஏமாற்றுகிறான் என்று மகள் சண்டை. பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. ஒரே வெப்பநிலையில் இங்கே காற்றின் அடர்த்தி சுமார் 10 சதவீதம் குறைவு, அதனால் வேகம் 5 சதவீதம் வரை கூடும். இதைச் சொன்னதும் நோட்டில் தன் எண்ணுக்குப் பக்கத்தில் "பெங்களூரு காற்று" என்று எழுதிக்கொண்டாள்.