மலையகத்திலிருந்து வெளிநாட்டுச் சேவைக்கு: எதை எப்போது செய்வது

இலங்கை வெளிநாட்டுச் சேவையில், அதாவது தூதரக அதிகாரிகளின் அரச சேவையில் சேர, பட்டதாரிகளுக்கான திறந்த போட்டிப் பரீட்சைதான் வழி. தூதுவர் பதவிகளில் அரசியல் நியமனங்களும் உண்டு. அதை நம்பி யாரும் படிக்க முடியாது. தோட்டத்துப் பிள்ளைகள் சறுக்கும் இடங்கள் பெரும்பாலும் மூன்று: பத்திரம், சிங்களம், சுருக்கம் எழுதுதல். மூன்றுக்கும் பல்கலைக்கழக முதலாம் ஆண்டிலேயே கை வைக்க வேண்டும்.

பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, சாதாரண தர, உயர்தரச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் பரப்பி வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்றில் தகப்பன் பெயர் முன்னெழுத்தாக இருக்கும், இன்னொன்றில் முழுதாக. சிங்களத்தில் எழுதிய பிறப்புப் பதிவில் ‘ழ’ இருக்காது. அதை வைத்து ஆங்கிலத்தில் எழுதும்போது பெயரே வேறாகிவிடும். திருத்தத்துக்குப் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரைப் பாருங்கள். பிறப்பே பதியப்படாதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் உண்டு. இதற்கெல்லாம் மாதக்கணக்கில் ஆகலாம். பரீட்சை அறிவித்தல் வந்த பிறகு ஓடினால் விண்ணப்ப முடிவுத் திகதி கடந்துவிடும்.

அந்த அறிவித்தல் வெள்ளிக்கிழமை அரச வர்த்தமானியில், பகுதி I, தொகுதி IIஅ இல் வரும். அரச அச்சகத்தின் இணையதளத்தில் தமிழிலேயே இலவசமாகப் படிக்கலாம். பரீட்சை வருடம் தவறாமல் நடப்பதில்லை, ஆகவே வாரம் ஒரு முறை பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். வயதெல்லை, எத்தனை முறை தோற்றலாம், எந்தெந்த வினாத்தாள் என்பதையெல்லாம் அந்தந்த அறிவித்தலில் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அண்ணன்மார் சொன்ன பழைய கணக்கு உதவாது. கையொப்பத்தை உறுதிப்படுத்தக் கேட்டிருந்தால் அதிபரிடமோ சமாதான நீதவானிடமோ போங்கள். அது விடுபட்டால் விண்ணப்பம் தள்ளுபடி. ஏற்கெனவே ஆசிரியராகவோ வேறு அரச வேலையிலோ இருப்பவர்கள் திணைக்களத் தலைவர் ஊடாக அனுப்ப வேண்டியிருக்கும்.

லயத்துக்கு (தோட்ட வரிசை வீடுகளுக்கு) தனி முகவரி இல்லாத இடங்களில் கடிதம் தோட்ட அலுவலகத்தில் கிடந்துவிடும். அனுமதி அட்டை பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வருவதைப் போலக் கொடுமை வேறில்லை. ஹட்டனிலோ பதுளையிலோ நம்பிக்கையான உறவினர் வீட்டு முகவரியைக் கொடுங்கள்.

சுருக்கம் எழுத இப்படிப் பழகுங்கள். 300 சொல் பத்தி ஒன்றை இரண்டு முறை வாசித்துவிட்டு மூடிவையுங்கள். ஆசிரியர் என்ன சொல்கிறார் என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். பிறகு திறந்து, உதாரணங்களையும் திரும்பச் சொன்னவற்றையும் அடித்துவிட்டு, மிச்சத்தை உங்கள் சொல்லில் 100 சொல்லுக்குள் கொண்டுவாருங்கள். மூல வாக்கியத்தை அப்படியே வெட்டி ஒட்டுவது ஒரு பிழை. அதைவிடப் பெரிய பிழை ‘தவிர’, ‘மட்டும்’, ‘ஒப்புக்கொண்டால்’ போன்ற நிபந்தனைச் சொற்களைத் தவறவிடுவது, அர்த்தமே கவிழ்ந்துவிடும். தூதரகத்திலிருந்து கொழும்புக்கு அறிக்கை எழுதும்போதும் இதே வேலைதான்.

மலையகத்தில் பலர் சிங்களம் பேசுவார்கள், எழுத வராது. தமிழ் மொழிமூலம் சேர்ந்தவர்கள் சிங்களத் தேர்ச்சியைக் குறித்த காலத்துக்குள் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் சம்பள ஏற்றமும் பதவி உயர்வும் சிக்கும். ஒரே வர்த்தமானி அறிவித்தலைத் தமிழிலும் சிங்களத்திலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிப்பது மிக நல்ல பயிற்சி, செலவும் இல்லை.

உலக விவகாரத்தில் 1961ஆம் ஆண்டின் இராஜதந்திர உறவுகள் பற்றிய வியன்னா சமவாயமும் 1963இன் கொன்சியூலர் (வெளிநாட்டிலுள்ள தம் பிரஜைகளைக் கவனிக்கும் பணி) சமவாயமும் அத்தியாவசியம். கூடவே நம் சொந்தக் கதையை ஒப்பந்தமாகப் படியுங்கள். இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில், நாடற்றிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் குடியுரிமை தந்தது. யாரையும் கேட்காமல் இரண்டு அரசுகள் மனிதரைப் பங்கிட்ட இந்த உதாரணத்தை, உணர்ச்சிவசப்படாமல் தேதியோடும் எண்ணிக்கையோடும் நேர்முகத்தில் விளக்கப் பழகுங்கள்.

தெரிவானால் பயிற்சி, பின்பு வெளிநாட்டில் மூன்றாம் செயலாளராகத் தொடக்கம். இரண்டாம், முதலாம் செயலாளர், ஆலோசகர் என்று ஏறித் தூதுவராகப் பல வருடங்கள் ஆகும். பொதுநலவாய நாடுகளில் அதே பதவிக்கு உயர்ஸ்தானிகர் என்று பெயர். கண்டி திரித்துவக் கல்லூரியிலும் பேராதனையிலும் படித்த ஜயந்த தனபால 1965இல் சேவையில் சேர்ந்தார். 1995இல் அணுவாயுதப் பரவல் தடை ஒப்பந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அங்கே அந்த ஒப்பந்தம் வாக்கெடுப்பின்றியே காலவரையறையில்லாமல் நீடிக்கப்பட்டது. அவர் சீன மொழி கற்றவர். நீங்களும் ஒரு வெளிநாட்டு மொழியைத் தேர்ந்துகொள்ளுங்கள். எங்களைக் கேட்டால் அரபு என்போம்: வளைகுடாவில் வீட்டு வேலைக்குப் போன தோட்டத்துப் பெண்ணின் சம்பளப் புகாரை அவள் தமிழிலேயே கேட்டு, எசமானிடம் அரபியில் பேசக்கூடிய அதிகாரி அங்கே அவசரமாகத் தேவை.